மல்லாட்டையில் டிக்காவும் துருவும்: முதல் தடவை பயிரிடுபவர்களுக்கு

கடலூர் மாவட்டத்துச் செம்மண்ணில் முதல் தடவை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டவர்கள் எழுபதாம் நாள் வாக்கில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அடி இலையெல்லாம் புள்ளி விழுந்து கொட்டுது, என்ன மருந்து அடிக்கலாம்?" இதையே முப்பதாம் நாளில் கேட்டால் பதில் சுலபம். எழுபதாம் நாளில் பதிலுக்குச் செலவு பிடிக்கும். தொண்ணூறாம் நாளில் கடைக்காரரிடம் மட்டும்தான் பதில் இருக்கும்.

விருத்தாசலம், நல்லூர், மங்களூர், பண்ருட்டி பக்கம் நிலம் வாங்கியோ, குத்தகைக்கு எடுத்தோ, வெளியூர் வேலையை விட்டுத் திரும்பி வந்தோ விவசாயத்தில் இறங்கியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். மல்லாட்டையில் வரும் எல்லா நோயையும் இங்கே சொல்லப் போவதில்லை. இலையைத் தின்னும் பூஞ்சாண நோய்கள் இரண்டு: டிக்கா என்கிற இலைப்புள்ளி, அப்புறம் துரு. கவனிக்காமல் விட்டால் இவை இரண்டும் சேர்ந்து பாதி மகசூலைக்கூடக் கொண்டுபோய்விடும்.

முதலில் இலையைத் திருப்புங்கள்

மேலே நின்று பார்த்தால் வயல் பச்சையாகத்தான் தெரியும். நோய் எப்போதும் அடி இலையில்தான் தொடங்கும். ஆகவே குனிந்து, கொடியை விலக்கி, தரையை ஒட்டி இருக்கிற இலையைப் பறித்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்லவே முடியாது.

டிக்கா என்று ஊரில் ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு பூஞ்சாணங்கள் இருக்கின்றன. முன்பருவ இலைப்புள்ளி விதைத்த மூன்று நான்கு வாரத்திலேயே தலைகாட்டும். புள்ளி செம்பழுப்பு நிறமாக, ஒழுங்கில்லாத வட்டமாக இருக்கும். சுற்றிலும் மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரியும். திருப்பினால் அடிப்பக்கம் வெளிர் பழுப்புதான். பின்பருவ இலைப்புள்ளி பெரும்பாலும் ஐம்பது அறுபது நாளுக்கு மேல்தான் வரும். புள்ளி சிறியது, நல்ல வட்டம், மஞ்சள் வளையம் மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. திருப்பினால் அடிப்பக்கம் கன்னங்கறுப்பு. விரலால் தடவினால் சொரசொரப்பு தட்டும். சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அந்தக் கறுப்பில் வளையம் வளையமாகப் புள்ளிகள் அடுக்கியிருப்பது தெரியும். நோயைப் பரப்பும் பூஞ்சாண வித்துகள் உருவாகும் இடம் அதுதான். இந்த இரண்டில் அதிகம் இலை கொட்ட வைப்பது, நம் பக்கம் நான் அதிகம் பயப்படுவது, பின்பருவப் புள்ளிக்குத்தான்.

துருவுக்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை. இலையின் அடியில் குண்டூசித் தலை அளவில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் இருக்கும். விரலை வைத்து இழுங்கள், மஞ்சள் கலந்த செம்பொடி விரலில் ஒட்டிக்கொண்டு வரும். டிக்கா வந்த இலை உதிர்ந்து விழும். துரு வந்த இலை கருகிச் சுருண்டு செடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். வயலில் தூரத்திலிருந்தே இந்த வித்தியாசம் தெரியும்.

இவை இரண்டும் இல்லாமலேயே இலை கெட்டுப்போக வேறு காரணங்கள் உண்டு. புதியவர்கள் பணத்தை வீணாக்குவது இங்கேதான். சுருள்பூச்சி இலைக்குள் புகுந்து சுரண்டினால் பழுப்புத் திட்டு விழும், தூரத்தில் பார்க்கக் கருகல் மாதிரியே இருக்கும். மடிந்த இலையைப் பிரித்தால் உள்ளே குட்டிப் புழு இருக்கும். அதற்குப் பூஞ்சாண மருந்து அடித்து ஒரு பிரயோசனமும் இல்லை. நுனி இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. போன வாரம் அடித்த மருந்து கனமாகிப் போனாலும் இலை ஓரம் தீய்ந்திருக்கும், ஆனால் அப்போது வயல் முழுக்க ஒரே நாளில் ஒரே மாதிரி இருக்கும். நோய் அப்படி வராது. அங்கங்கே தொடங்கித்தான் பரவும்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "எண்ணெய்வித்துப் பயிர் இலைப்புள்ளி" என்று தேடினால் வட இந்தியக் கடுகுக்கும், ஐரோப்பாவில் போடும் அதன் சொந்தக்காரப் பயிரான ரேப்சீடுக்கும் வரும் ஆல்டர்னேரியா கருகலைப் பற்றிய அறிவுரைகள் வந்து கொட்டும். அதிலும் வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளி விழும், படத்தில் பார்த்தால் குழப்பும். அது வேறு பூஞ்சாணம், வேறு பயிர். அங்கே சொல்லும் மருந்தையும் நாள் கணக்கையும் மல்லாட்டைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது வரும்

இந்தப் பூஞ்சாணங்களுக்கு வேண்டியது இலை மேல் ஈரம், அதுவும் பல மணி நேரம். 25 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையும், இரவு முழுக்கக் காயாத இலையும் இருந்தால் போதும், வித்து முளைத்து உள்ளே போய்விடும். உள்ளே போன பிறகு புள்ளி கண்ணுக்குத் தெரியச் சுமார் 10 முதல் 14 நாள் ஆகும்.

இந்தக் கணக்கு முக்கியம். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற புள்ளி இரண்டு வாரத்துக்கு முந்தைய மழையில் விழுந்தது. இன்றைக்குப் பச்சையாகத் தெரிகிற இலையிலும் நாளைக்கு வரப்போகிற புள்ளி ஏற்கெனவே குடியேறியிருக்கலாம். "கொஞ்சம் அதிகமாகட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இரண்டு வாரம் பின்தங்கியே ஓடுகிறார்கள்.

ஆடிப் பட்டத்து மானாவாரிக்குத்தான் ஆபத்து அதிகம். ஆடியில் விதைத்த செடி காய் பிடித்து நிற்கும்போது புரட்டாசி, ஐப்பசி மழை வந்துவிடும். மார்கழிப் பட்டத்து இறவைப் பயிருக்கு மழை கம்மி, ஆனால் தை மாதப் பனியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கும் வயலில் கால் வைத்தால் வேட்டி நனைகிறதா? அப்படியானால் இலை ராத்திரி பூராவும் நனைந்துதான் இருந்திருக்கிறது. சித்திரைப் பட்டத்தில் வெயில் நமக்குத் துணை. ஆனால் தெளிப்பு நீர் போட்டிருப்பவர்கள் சாயங்காலம் ஓட்டிவிட்டுப் படுக்கப் போனால் அந்தத் துணையும் போச்சு. விடியற்காலையில் ஓட்டுங்கள், வெயில் ஏறினதும் இலை காய்ந்துவிடும்.

விதைக்கும் முன்னால்

டிக்கா பூஞ்சாணம் போன போகத்து இலைச் சருகிலும் கொடித் துணுக்கிலும் தங்கியிருந்து மறுபோகத்துக்கு வரும். துரு சருகில் ரொம்ப நாள் தாங்காது. தானாக முளைத்த மல்லாட்டைச் செடிகளில் உயிர் பிழைத்திருந்து, காற்றில் பறந்து பக்கத்து வயலுக்கும் போகும். எனவே விதைப்பதற்கு முன் இரண்டு வேலை: சருகு மண்ணுக்குள் போகும்படி ஆழ உழுவது, வரப்போரத்திலும் கிணற்று மேட்டிலும் தானாக முளைத்து நிற்பதைப் பிடுங்குவது. இரண்டாவதை யாரும் செய்வதில்லை. பத்து நிமிட வேலை.

மல்லாட்டை மேல் மல்லாட்டை போடாதீர்கள். நடுவில் கம்போ, சோளமோ, நெல்லோ, உளுந்தோ வரட்டும். இந்த டிக்காவும் துருவும் மல்லாட்டை இனத்தைத் தவிர வேறு பயிரில் பிழைக்காதவை. உளுந்திலும் இலைப்புள்ளி வருமே என்றால், வரும், அது அதற்கென்று தனியாக இருக்கிற வேறு பூஞ்சாணம். மல்லாட்டைக்கு நடுவில் கம்பை ஊடுபயிராகப் போட்டாலும் இலைப்புள்ளி குறைகிறது.

ரகத்தைப் பற்றி: விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் அங்கே பிறந்தவை. நம் மண்ணிலேயே சோதித்த ரகம் பக்கத்திலேயே கிடைக்கும்போது, யாரோ பார்சலில் அனுப்புகிறார்கள் என்று வெளி மாநிலத்து விதையை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. போய், "இலைப்புள்ளியும் துருவும் தாங்குகிற ரகம் எது, இந்தப் பட்டத்துக்கு எது" என்று கேளுங்கள். தாங்கும் என்றால் வரவே வராது என்று அர்த்தமில்லை. மெதுவாக வரும், அது போதும்.

விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா அல்லது 10 கிராம் சூடோமோனாஸ், இரண்டும் நுண்ணுயிரால் ஆன உயிர் மருந்துகள். இது முக்கியமாக வேரழுகல், கழுத்தழுகலுக்கான காப்பு. "விதை நேர்த்தி செய்தேனே, அப்புறம் எப்படிப் புள்ளி வந்தது" என்று பலர் கேட்கிறார்கள். இலைப்புள்ளிக்கு அது வேலி இல்லை. ரசாயனத் தூளில் விதை நேர்த்தி செய்பவர்கள் அதோடு உயிர் மருந்தைக் கலக்கக் கூடாது, உயிர் மருந்து செத்துப்போகும்.

இடைவெளி 30க்கு 10 சென்டிமீட்டர். விதை மிச்சமிருக்கிறதே என்று நெருக்கிப் போட்டால் காற்று நுழையாமல் அடியில் ஈரம் நின்றுவிடும்.

வயலைச் சுற்றுவது

இருபத்தைந்தாம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை. வரப்பில் நின்று எட்டிப் பார்ப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வயலுக்குள் வளைந்து வளைந்து போய் ஐந்து இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து செடி, ஒவ்வொன்றிலும் அடி இலை. தண்ணீர் தேங்கும் பள்ளமும், மர நிழல் விழும் ஓரமும் அந்த ஐந்தில் கண்டிப்பாக இருக்கட்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டிய வயலென்றால் தோப்போரத்து வரிசையில் பனி கடைசியாகத்தான் காயும். முதல் புள்ளி அநேகமாக அங்கேதான்.

ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: விதைத்து எத்தனையாவது நாள், புள்ளி பார்த்த இடம், அந்த வாரம் மழையா பனியா. செல்போனில் இலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மருந்து

அடி இலைகளில் அங்கங்கே புள்ளி தெரிந்ததும், பெரும்பாலும் 35, 40 நாள் வாக்கில், முதல் தெளிப்பு. அதிலிருந்து 15 நாளில் இரண்டாவது. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் மட்டும் மூன்றாவது. இந்த நாட்களைப் பிடித்துவிட்டால் எந்த மருந்து என்பது இரண்டாம்பட்சம். நாட்களை விட்டுவிட்டு விலை உயர்ந்த மருந்தைத் தேடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இலைப்புள்ளியும் துருவும் இரண்டுமே இருந்தால் மேங்கோசெப் அல்லது குளோரோதலோனில். பரிந்துரை ஹெக்டேருக்கு ஒரு கிலோ, அதாவது ஏக்கருக்கு 400 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். லிட்டருக்கு 2 கிராம் என்று ஆகிறது. இவை இலை மேல் படிந்து காக்கும் மருந்துகள். படாத இடத்தில் பாதுகாப்பு கிடையாது. இலைப்புள்ளி மட்டும் இருந்தால் கார்பென்டாசிம் லிட்டருக்கு ஒரு கிராம். இது இலைக்குள் ஊடுருவும், ஆனால் துருவைக் கட்டுப்படுத்தாது. டெபுகோனசோல், ஹெக்சகோனசோல் போன்றவையும் கடையில் உண்டு. எதை வாங்கினாலும் டப்பாவின் சீட்டில் நிலக்கடலை என்ற பயிரும், இலைப்புள்ளி அல்லது துரு என்ற நோயும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள அளவுதான் கடைசி வார்த்தை. அனுமதி அவ்வப்போது மாறுகிறது.

நம் ஊரில் யாரும் ஹெக்டேரில் பேசுவதில்லை, காணியில்தான் பேசுவோம். காணி என்பது 1.32 ஏக்கர். ஏக்கருக்கு 400 கிராம் என்றால் காணிக்கு 530 கிராம் வரும், தண்ணீர் 260 லிட்டருக்கு மேல். 16 லிட்டர் டேங்கில் 32 கிராம் போட்டு, காணிக்குப் பதினாறு பதினேழு டேங்க் அடிக்க வேண்டும். "எட்டு டேங்க்ல முடிச்சிட்டேன் சார்" என்று ஆள் வந்து சொன்னால், ஒன்று வேகமாக நடந்திருக்கிறார், இல்லையென்றால் மேலாக அடித்துவிட்டு வந்திருக்கிறார். அடி இலையில் ஒரு சொட்டும் பட்டிருக்காது.

தூளை நேராக டேங்கில் கொட்டாதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் குழைத்து, கட்டியில்லாமல் கரைத்து, பிறகு வடிகட்டி ஊற்றுங்கள். இந்தத் தூள் அடியில் படியும் குணமுள்ளது, நடுநடுவே டேங்கை ஆட்டிவிட வேண்டும். களைக்கொல்லி அடித்த டேங்கைத் தொடவே கூடாது. நெல்லுக்குக் களைமருந்து அடித்த டேங்கைக் கழுவினோமே என்று மல்லாட்டைக்கு எடுத்து, செடி முறுக்கிக்கொண்டு போன கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு.

நேரம்: பனி காய்ந்த பிறகு காலையில், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம். புழுக்கமாக இருக்கும்தான், இருந்தாலும் போடுங்கள். நாசிலைக் கொடிக்குப் பக்கத்தில் தாழ்த்தி, கீழிருந்து மேலே போகும்படி திருப்பிப் பிடித்து அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் ஒரு கொடியைப் புரட்டிப் பாருங்கள். அடி இலையின் அடிப்பக்கம் நனைந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது. டிரோனில் அடிப்பவர்களும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். கொடி மூடின வயலில் டிரோன் மருந்து மேல் இலையோடு நின்றுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

கார்பென்டாசிமை மட்டும் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். அமெரிக்காவில் 1970களில் அதே வகையைச் சேர்ந்த பெனோமிலை மல்லாட்டைக்கு விடாமல் அடித்து, சில வருடங்களிலேயே அதற்கு மசியாத இலைப்புள்ளிப் பூஞ்சாணம் உருவாகிவிட்டது. ஒரு தடவை இதை அடித்தால் அடுத்த தடவை மேங்கோசெப் மாதிரி வேறு வகைக்கு மாறுங்கள். இரண்டும் கலந்து வரும் தூளும் உண்டு.

கடையில் "கூடவே இந்த டானிக்கையும் கலந்துக்குங்க, காய் நல்லா பிடிக்கும்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள். காய் பிடிக்க வேண்டியது ஜிப்சம். 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைப்பது. அது நோய்க்கு மருந்து இல்லை, ஆனால் அந்தப் பணம் வீண் போகாது.

மண் அணைத்து, ஊசி (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கிய பிறகு மருந்து அடிக்க உள்ளே நடப்பவர்கள் சாலில் மட்டும் கால் வைக்க வேண்டும். மிதிபட்ட ஊசி காயாகாது.

"முத்திடுச்சு" என்று ஏமாறுவது

இது நம் பக்கம் ரொம்பப் பழைய நம்பிக்கை. பக்கத்து வயல்காரர் வந்து, "இலை கொட்டிடுச்சுல்ல தம்பி, காய் முத்திடுச்சுன்னு அர்த்தம், ஆளைக் கூப்பிடு" என்பார். அனுபவசாலிதான், அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் பின்பருவ இலைப்புள்ளியில் கொட்டிய இலைக்கும் காய் முற்றியதற்கும் சம்பந்தமில்லை. நோயில்லாத மல்லாட்டை அறுவடை அன்றும் ஓரளவு பச்சையாகவே நிற்கும்.

முற்றியதா என்று காயைக் கேளுங்கள். நாலைந்து இடத்தில் செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருந்தால் பிஞ்சு. கரும்பழுப்புத் திட்டு விழுந்திருந்தால் முற்றியது. நான்கில் மூன்று காய் அப்படி இருந்தால் பிடுங்கலாம். முன்னதாகப் பிடுங்கினால் பருப்பு சுருங்கி, விருத்தாசலம் கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்) மூட்டைக்கு விலை சொல்லும்போது தெரிந்துவிடும். 80 கிலோ மூட்டையில் சுருங்கிய பருப்பை ஒளித்து வைக்க முடியாது.

இதற்கு நேரெதிரான சங்கடமும் உண்டு. இலை முழுக்கக் கொட்டிவிட்டால் ஊசி வலுவிழந்து, பிடுங்கும்போது காய் மண்ணுக்குள்ளேயே அறுந்து தங்கிவிடும். அப்படிப்பட்ட வயலில் காய் முற்றியது உறுதியானால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மண் இறுகியிருந்தால் லேசாகத் தண்ணீர் காட்டிவிட்டுப் பிடுங்குங்கள். மண்ணில் தங்கியதைக் கொத்திப் பொறுக்குகிற கூலி, கிடைக்கிற காயை விட அதிகமாகிவிடும்.

105, 110 நாள் ரகத்தில் தொண்ணூறு நாளைத் தாண்டியபின் இலைப்புள்ளிக்குச் செலவு செய்யாதீர்கள். அடித்த மருந்துக்கும் அறுவடைக்கும் நடுவில் விட வேண்டிய நாள் கணக்கு சீட்டில் இருக்கும், அதையும் மீறக் கூடாது. முக்கியமாக, கொடியை மாட்டுக்குப் போடுகிற வீடுகளில்.

பிடுங்கிய பிறகு

காயை ஆய்ந்து முடித்ததும் கொடியைச் சுத்தமாக வாரிவிடுங்கள். நோய் அதிகம் வந்த வயலின் சருகைக் குப்பைக் குழியில் போட்டு நன்றாக மக்கவைக்கலாம், பாதி மக்கியதை மறுபடி மல்லாட்டை வயலில் கொட்டக் கூடாது. உழவை மழைக்கு முன் முடித்துவிட்டால் விதைக்காமலே முளைக்கிற செடிகளும் மண்ணுக்குள் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் என்ன நோய் என்று பிடிபடவில்லையென்றால் இலையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகலாம், விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாப்பட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. போன் போதுமென்றால் கிசான் அழைப்பு மையம், 1800 180 1551, தமிழிலேயே பேசலாம். நேரில் போகும்போது ஈர இலையைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு போகாதீர்கள், போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். அடி இலை, நடு இலை, நுனி இலை மூன்றையும் செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, மேலே விதைத்த தேதி, ரகம், கடைசியாக அடித்த மருந்தின் பெயர், அடித்த நாள் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். மருந்தின் பெயர் நினைவில்லையென்றால் காலி டப்பாவின் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனாலும் சரிதான்.